கேரக்டர் ஸ்டைலில் கொடுத்த நிறத்தைத் திரும்ப எடுப்பது எப்படி, ‘ஆட்டோமேட்டிக்’ ஏன் அதற்கு உதவாது

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேர்ட் போன்ற எழுத்துச் செயலியான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கலைச்சொற்களுக்கென்று ஒரு கேரக்டர் ஸ்டைல் (பத்தி முழுவதற்கும் அல்லாமல் சில சொற்களுக்கு மட்டும் கொடுக்கும், பெயரிட்ட வடிவமைப்பு) உருவாக்கி, மெய்ப்பு பார்க்கும்போது கண்ணில் படட்டும் என்று அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறீர்கள். மெய்ப்பு வேலை முடிந்துவிட்டது. இனி சிவப்பு வேண்டாம், சாய்வெழுத்து மட்டும் இருந்தால் போதும், நிறம் அந்தந்தப் பத்திக்கு என்னவோ அதுவே வரட்டும் என்கிறீர்கள். நிறப் பட்டியலைத் திறந்தால் ‘நிறம் வேண்டாம்’ என்று எதுவும் இல்லை. ‘ஆட்டோமேட்டிக்’ கொடுத்துப் பார்த்தீர்கள், சாதாரணப் பத்தியில் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் நீல நிறத் தலைப்புக்குள் வரும் கலைச்சொல் மட்டும் கறுப்பாக நிற்கிறது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு உடனடி பதில்: எஃப்11 அழுத்தி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, அந்த கேரக்டர் ஸ்டைல் மேல் வலது கிளிக் செய்து ‘எடிட் ஸ்டைல்’ கொடுங்கள். வரும் பெட்டியில் ‘ஃபான்ட் எஃபெக்ட்ஸ்’ தாவலுக்குப் போய், அடியில் இருக்கும் ‘ரீசெட் டு பேரன்ட்’ பட்டனை அழுத்தி ஓகே கொடுங்கள். பழைய பதிப்புகளில் இதே பட்டன் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரில் இருக்கும். நிறம் போய்விடும். ஆனால் அந்த பட்டன் நிறத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் கொண்டுபோய்விடும், அதனால் அழுத்துவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

இந்தச் சிக்கலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஒரு ஸ்டைல் நிறத்தைப் பற்றி எதுவுமே சொல்லாமல் இருப்பது வேறு, ‘நிறம்: ஆட்டோமேட்டிக்’ என்று சொல்வது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில்தான் வேலை செய்கிறோம். ஆனால் மென்பொருளுக்கு ஆட்டோமேட்டிக் என்பதும் சிவப்பு, பச்சை போல ஒரு மதிப்பு. அதன் பொருள் ‘பின்னணி வெளிச்சமாக இருந்தால் வழக்கமான எழுத்து நிறத்தைப் போடு, இருட்டாக இருந்தால் வெள்ளையைப் போடு’ என்பது. ‘பத்தியிடம் கேட்டுக்கொள்’ என்பது அதன் பொருள் இல்லை. வலைப்பக்கத்துக்கு சிஎஸ்எஸ் எழுதிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: அங்கே ‘இன்ஹெரிட்’, அதாவது ‘வெளியே இருப்பதிடமிருந்து வாங்கிக்கொள்’ என்று எழுதிவிடலாம், ரைட்டரின் நிறப் பட்டியலில் அப்படி ஒரு சொல் கிடையாது.

கேரக்டர் ஸ்டைலின் வேலையே பத்தி ஸ்டைலின் மேல் உட்கார்ந்துகொண்டு, தான் சொல்லும் விஷயங்களை மட்டும் மாற்றுவதுதான். சாய்வு என்று மட்டும் சொன்னால் சாய்வு மட்டும் மாறும். எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் கீழே இருக்கும் பத்தியிலிருந்து அப்படியே தெரியும், கண்ணாடித் தாள் வழியாகப் பார்ப்பது போல. நிறத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த இடத்தில் கண்ணாடிக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. சிவப்பு வர்ணத்தின் மேல் கறுப்பு வர்ணம் பூசினால் அது மறுபடி கண்ணாடி ஆகாது, வர்ணத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரீசெட் டு பேரன்ட் செய்வது அந்தச் சுரண்டல்.

இதை நான் கொஞ்சம் வலியோடுதான் கற்றுக்கொண்டேன். ஒரு நீண்ட பயனர் கையேட்டில் இதே போல ஒரு ஸ்டைலுக்கு ஆட்டோமேட்டிக் கொடுத்துவிட்டு, பக்கங்களை வேகமாகப் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டேன். என்னை ஏமாற்றியது எது தெரியுமா? அதில் அட்டவணைகளின் தலைப்பு வரிசை அடர் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்தது. ஆட்டோமேட்டிக் நிறம் இருட்டுப் பின்னணியில் தானாக வெள்ளையாகிவிடும் அல்லவா, அதனால் அங்கே எந்தத் தவறும் தெரியவில்லை. சாம்பல் நிறக் குறிப்புப் பத்திகளில்தான் ஒவ்வொரு கலைச்சொல்லும் கறுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது, அதைப் பார்க்கும்போது பிடிஎஃப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே சோதித்துப் பார்ப்பதென்றால் கறுப்புப் பத்தியிலும் இருட்டுப் பின்னணியிலும் பார்த்துப் பயனில்லை. நிறமுள்ள எழுத்து, வெளிச்சமான பின்னணி, இந்தச் சேர்க்கையில் பாருங்கள், அங்கேதான் குட்டு வெளிப்படும்.

சரி, இப்போது அந்த பட்டனைப் பற்றி. ரீசெட் டு பேரன்ட் ஒரு தாவலில் உள்ள அத்தனையையும் மொத்தமாகத் தாய் ஸ்டைலின் (பேரன்ட், இந்த ஸ்டைல் எதை அடிப்படையாகக் கொண்டதோ அது) நிலைக்குக் கொண்டுபோகும், நிறத்தை மட்டும் தனியாகத் தொடும் வழி அந்தப் பெட்டியில் இல்லை. ஃபான்ட் எஃபெக்ட்ஸ் தாவலில் நிறத்தோடு அடிக்கோடு, மேற்கோடு, குறுக்குக்கோடு, நிழல், எழுத்தை மறைத்து வைப்பது, ஆங்கிலத்துக்கான பெரிய எழுத்து சிறிய எழுத்து மாற்றம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஸ்டைலில் சாய்வு மட்டும்தான் என்றால் கவலை இல்லை, சாய்வும் தடிமனும் ‘ஃபான்ட்’ தாவலில் இருப்பவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கலைச்சொல்லுக்குப் புள்ளி அடிக்கோடும் கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அதனால் நான் செய்யும் முறை இது. முதலில் ‘ஆர்கனைசர்’ தாவலைத் திறக்கிறேன், புதிய பதிப்புகளில் இதற்கு ‘ஜெனரல்’ என்று பெயர். அதன் கீழ்ப்பகுதியில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இந்த ஸ்டைல் உண்மையில் எதையெல்லாம் தன் கையில் வைத்திருக்கிறது என்பது அங்கே எழுத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் ஸ்டைல் சம்பந்தமான குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அதில் உள்ளதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன், அல்லது ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு ஃபான்ட் எஃபெக்ட்ஸ் தாவலில் ரீசெட் டு பேரன்ட், ஓகே. மறுபடி திறந்து கன்டெய்ன்ஸ் கட்டத்தில் நிறம் என்ற பேச்சே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு அடிக்கோட்டை மட்டும் திரும்பக் கொடுக்கிறேன். ஒரே தடவையில் எல்லாவற்றையும் செய்துவிடலாம்தான், ஆனால் நடுவில் மூடித் திறந்தால் என்ன நடந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிகிறது. அடிக்கோட்டைத் திரும்பக் கொடுக்கும்போது நிறப் பட்டியலைத் தொடவே வேண்டாம். பத்தி கறுப்புதானே என்று நினைத்துக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் ஒரு மதிப்பாகப் பதிவாகி, பழைய கதை திரும்பத் தொடங்கும்.

பக்கத்திலேயே வெறும் ‘ரீசெட்’ என்று இன்னொரு பட்டன் இருக்கும். பெயரைப் பார்த்து அதை அழுத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. அது பெட்டியைத் திறந்த பிறகு நீங்கள் செய்த மாற்றங்களைக் கைவிடுவதற்கு மட்டும். போன வாரம் கொடுத்த சிவப்பை அது எடுக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரீசெட் டு பேரன்ட் கொண்டுபோகும் இடம் தாய் ஸ்டைல், அந்த ஸ்டைல் மென்பொருளோடு வந்தபோது இருந்த நிலை அல்ல. நீங்களாக உருவாக்கிய ஸ்டைலுக்குத் தாய் எதுவும் இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘இன்டர்நெட் லிங்க்’ என்ற உள்ளமைந்த ஸ்டைலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடர் நீலமும் அடிக்கோடும் ஃபான்ட் எஃபெக்ட்ஸ் தாவலில்தான் இருக்கின்றன, அங்கே ரீசெட் டு பேரன்ட் அழுத்தினால் அந்த நீலம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நிறமும் கோடும் சேர்ந்தே போய் இணைப்பு சாதாரண எழுத்து மாதிரி ஆகிவிடும். அதே போல உங்கள் ஸ்டைல் வேறொரு கேரக்டர் ஸ்டைலின் கீழ் இருந்து, அந்தத் தாய்க்கு நிறம் இருந்தால், குழந்தையில் எத்தனை முறை ரீசெட் டு பேரன்ட் அழுத்தினாலும் தாயின் நிறம்தான் வரும். பட்டியலை ‘ஹைரார்க்கிகல்’ பார்வைக்கு மாற்றினால் யாருக்குக் கீழ் யார் என்று தெரியும். நிறத்தை எடுக்க வேண்டிய இடம் அப்போது தாயாக இருக்கலாம், அல்லது தாயை மாற்ற வேண்டியிருக்கலாம்.

எழுத்தின் பின்னணி வண்ணத்திலும் இதே பொறி இருக்கிறது. அது ‘ஹைலைட்டிங்’ என்ற வேறு தாவல், அங்கே ‘நன்’ என்று ஒரு தேர்வு இருப்பதால் இன்னும் சுலபமாக ஏமாறலாம். நன் என்பது அங்கே ‘ஒளிபுகும் பின்னணி’ என்று பதிவாகும் மதிப்பு. பின்னணியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் அங்கேயும் ரீசெட் டு பேரன்ட்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் சில இடங்களில் சிவப்பு அப்படியே இருக்கிறதா? அப்போது அது ஸ்டைலில் இருந்து வரவில்லை. யாரோ அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, கருவிப்பட்டையில் இருக்கும் நிற பட்டனை நேரடியாக அழுத்தியிருக்கிறார்கள். ரைட்டரில் எழுத்தின் நிறத்துக்கு அடுக்குமுறை இப்படி: அடியில் பத்தி ஸ்டைல், அதன் மேல் கேரக்டர் ஸ்டைல், எல்லாவற்றுக்கும் மேல் நேரடி வடிவமைப்பு. மேலே இருப்பவர் பேசினால் கீழே இருப்பவர் பேச்சு எடுபடாது. 2021-இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து ‘ஸ்டைல் இன்ஸ்பெக்டர்’ என்று ஒன்று பக்கப்பட்டையில் இருக்கிறது. கர்சரை அந்தச் சொல்லில் வைத்தால் பத்தி ஸ்டைல் என்ன சொல்கிறது, கேரக்டர் ஸ்டைல் என்ன சொல்கிறது, நேரடியாக என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று தனித்தனியாக விரித்துக் காட்டும், நிறம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஊகிக்கவே வேண்டாம். 2023-இல் வந்த 7.6-இல் ‘ஸ்பாட்லைட்’ வசதியும் சேர்ந்தது, எந்த எழுத்துக்கு எந்த ஸ்டைல் என்று ஆவணத்திலேயே அடையாளமிட்டுக் காட்டுகிறது, நேரடி வடிவமைப்பு இருக்கும் இடமும் தெரிந்துவிடும். அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் மெனுவில் ‘கிளியர் டைரக்ட் ஃபார்மேட்டிங்’ கொடுத்தால் மேல் அடுக்கு மட்டும் போகும், கேரக்டர் ஸ்டைல் அப்படியே இருக்கும். முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், கையால் கொடுத்த சாய்வும் தடிமனும் எல்லாம் சேர்ந்து போகும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம் இங்கே நிம்மதி. ரைட்டர் தமிழை ‘சிடிஎல்’ என்ற சிக்கலான எழுத்துமுறைப் பிரிவில் வைத்திருப்பதால் எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு எல்லாம் ஆங்கிலத்துக்குத் தனி, தமிழுக்குத் தனி. ஒரு பக்கம் கொடுத்துவிட்டு மறு பக்கம் மறந்துபோய், தமிழ்ச் சொல் மட்டும் தடிமனாகாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறத்துக்கு அந்தப் பிரிவினை கிடையாது, ஒரே மதிப்பு இரண்டுக்கும். ஒரு தடவை எடுத்தால் இரண்டு மொழியிலும் போய்விடும்.

நிறத்தை மட்டும் எடுக்க வேண்டும், அதே தாவலில் உள்ள மற்றதைத் தொடக்கூடாது, அதுவும் பத்துப் பதினைந்து ஸ்டைல்களில் என்றால் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், நல்ல வழி. லிப்ரே ஆபிஸ் பேசிக்கில் ஆவணத்தின் ‘ஸ்டைல் ஃபேமிலீஸ்’ தொகுப்பிலிருந்து ‘கேரக்டர் ஸ்டைல்ஸ்’ குடும்பத்தை எடுத்து, அதிலிருந்து உங்கள் ஸ்டைலைப் பெயரால் எடுத்து, அதன் மேல் ‘செட் ப்ராப்பர்ட்டி டு டீஃபால்ட்’ என்ற கட்டளையை ‘கேர் கலர்’ பண்புக்குக் கொடுக்க வேண்டும், மேக்ரோவில் இந்தப் பெயர்களை எல்லாம் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். நிறம் மட்டும் போகும், அடிக்கோடு அசையாது. இங்கேயும் அதே பொறி வேறு வேஷத்தில் இருக்கிறது: கேர் கலருக்கு -1 என்று மதிப்பு கொடுத்தால் நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் -1 என்பது ஆட்டோமேட்டிக்கின் எண். ‘கெட் ப்ராப்பர்ட்டி ஸ்டேட்’ கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், -1 கொடுத்த ஸ்டைலுக்கு ‘நேரடி மதிப்பு’ என்று பதில் வரும், உண்மையில் நீக்கிய ஸ்டைலுக்கு ‘இயல்பு மதிப்பு’ என்று வரும்.

கோப்புக்குள் எட்டிப் பார்க்கத் தயங்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதில்தான் விஷயம் முழுதாக விளங்கியது. ஆவணத்தை ‘ஃப்ளாட் எக்ஸ்எம்எல்’ வகையில், அதாவது எஃப்ஓடிடி ஆக, ஒரு நகல் சேமியுங்கள். ரைட்டர் வழக்கமாகச் சேமிக்கும் ஓடிடி கோப்பும் உள்ளே எக்ஸ்எம்எல்தான் (குறிச்சொற்களால் எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு), ஆனால் ஜிப் செய்யப்பட்டது, பிரித்துத் திரும்பச் சேர்க்கும்போது ‘மைம்டைப்’ என்ற சிறு கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு, அந்தத் தொல்லை ஃப்ளாட் வகையில் இல்லை. படங்கள் நிறைய இருந்தால் கோப்பு பெரிதாகும், அவ்வளவுதான். அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து உங்கள் ஸ்டைலின் பெயரைத் தேடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் ‘_20_’ என்று எழுதியிருக்கும், பயப்பட வேண்டாம். அந்த ஸ்டைலின் எழுத்துப் பண்புகள் வரிசையில் சிவப்பு கொடுத்திருந்தால் ‘கலர்’ என்ற பண்பு நிறத்தைக் குறிக்கும் ஒரு ஹெக்ஸ் எண்ணோடு இருக்கும். ஆட்டோமேட்டிக் கொடுத்திருந்தால் ‘யூஸ் விண்டோ ஃபான்ட் கலர்’ என்ற பண்பு ‘ட்ரூ’ என்று இருக்கும். நிறமே சொல்லாத ஸ்டைலில் இரண்டுமே இருக்காது. நீங்கள் அந்தப் பண்பை, மேற்கோள் குறிக்குள் இருக்கும் மதிப்போடு சேர்த்து, அழித்துவிட்டுச் சேமித்தால் போதும். டி1, டி2 என்ற பெயரில் சில ஸ்டைல்கள் கண்ணில் படலாம், அவை நீங்கள் உருவாக்கியவை அல்ல, மேலே சொன்ன நேரடி வடிவமைப்புதான் கோப்பில் அப்படிச் சேமிக்கப்படுகிறது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் ஆட்டோமேட்டிக் ஒரு மதிப்புதான், கோப்பில் நிறத்துக்கு நேரே ‘ஆட்டோ’ என்று எழுதப்படும். ஆனால் ரைட்டரில் இருப்பது போல ஒரு தாவலை மட்டும் தாய் நிலைக்குக் கொண்டுபோகும் பட்டன் ‘மாடிஃபை ஸ்டைல்’ பெட்டியில் இல்லை. நான் பரிந்துரைப்பது பழைய ஸ்டைலைச் சரிசெய்யப் போராடாமல் புதிதாக ஒன்று உருவாக்குவது. கர்சரை எந்த வடிவமைப்பும் இல்லாத ஒரு சாதாரணப் பத்தியில் வையுங்கள், இது முக்கியம், ஏனென்றால் புதிய ஸ்டைல் கர்சர் இருக்கும் இடத்தின் வடிவமைப்பைத் தொற்றிக்கொள்ளும். புதிய ஸ்டைலின் வகை கேரக்டர், அடிப்படை ‘டீஃபால்ட் பாராகிராஃப் ஃபான்ட்’, சாய்வை மட்டும் கொடுங்கள், நிறப் பெட்டியைத் தொடாதீர்கள். பிறகு கன்ட்ரோல்+எச் அழுத்தி, ‘மோர்’ விரித்து, ‘ஃபார்மேட்’ கீழ் ‘ஸ்டைல்’ வழியாகத் தேடும் கட்டத்துக்குப் பழைய ஸ்டைல், மாற்றும் கட்டத்துக்குப் புதிய ஸ்டைல் என்று வைத்து, இரண்டு கட்டத்திலும் எழுத்து எதுவும் இல்லாமல் ‘ரீப்ளேஸ் ஆல்’. அடிக்குறிப்பு, டெக்ஸ்ட் பாக்ஸ் இவற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் பழைய ஸ்டைலை நீக்குங்கள். நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அங்கே ஷிஃப்ட்+எஃப்1 இருக்கிறது.

டாக்எக்ஸ் கோப்பைப் பிரித்துத் திருத்தத் தெரிந்தவர்கள் அதன் உள்ளே ‘வேர்ட்’ என்ற பெயரில் இருக்கும் கோப்புறையில் உள்ள ‘ஸ்டைல்ஸ்’ எக்ஸ்எம்எல்லில் அந்த ஸ்டைலின் கீழ் இருக்கும் ‘கலர்’ உறுப்பை முழுதாக எடுத்துவிடலாம். தீம் நிறம் கொடுத்திருந்தாலும் அதே உறுப்பில்தான் இருக்கும்.

வேர்டில் தடிமனும் சாய்வும் நிறத்தைப் போல நடந்துகொள்ளாது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் சொன்ன கண்ணாடித் தாள் கதையை நம்பி ஏமாறுவீர்கள். தடிமனான தலைப்பு ஸ்டைலுக்குள் தடிமன் சொல்லும் கேரக்டர் ஸ்டைலைக் கொடுத்தால் அந்தச் சொல் தடிமன் இழந்து சாதாரணமாகிவிடும். இவை விளக்கின் சுவிட்சு மாதிரி, இரண்டு தடவை தட்டினால் அணைந்துவிடும், தலைப்புக்குள்ளும் வலியுறுத்தல் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நிறத்தில் அந்தத் தட்டல் கிடையாது, மேலே இருப்பது கீழே இருப்பதை மூடும், அவ்வளவே.

கடைசியாக, இதே ஸ்டைல் பல ரைட்டர் ஆவணங்களில் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டாம். ஒன்றில் சரிசெய்துவிட்டு, மற்ற ஆவணங்களில் ஸ்டைல்ஸ் மெனு வழியாக ‘லோட் ஸ்டைல்ஸ்’ போய், பத்தி, கேரக்டர் ஸ்டைல்களுக்கான கட்டத்தையும் ‘ஓவர்ரைட்’ என்பதையும் டிக் செய்து, சரிசெய்த கோப்பைக் காட்டுங்கள். ஓவர்ரைட் டிக் செய்யாவிட்டால் அதே பெயரில் ஏற்கனவே இருக்கும் சிவப்பு ஸ்டைல் மாறாமல் அப்படியே இருக்கும். டிக் செய்தால் ஒரே பெயருள்ள பத்தி ஸ்டைல்களும் சேர்ந்து மாறிவிடும், அதனால் அந்த ஆவணங்களின் பத்தி ஸ்டைல்கள் வேறுபட்டவை என்றால் காலி ஆவணம் ஒன்றில் உங்கள் கேரக்டர் ஸ்டைலை மட்டும் கொண்டுவந்துவிட்டு அங்கிருந்து ஏற்றலாமே என்று தோன்றும், ஆனால் காலி ஆவணத்திலும் ‘ஹெடிங்’ போன்ற உள்ளமைந்த பத்தி ஸ்டைல்கள் இருக்கின்றன, அவையும் மேலே ஏறிக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்ட கோப்புகளுக்கு மேலே சொன்ன மேக்ரோவை ஓட்டுவதே பாதுகாப்பு, எந்த வழியானாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு.